ஆபீஸ் சைட்டும் சிவப்புத் திரையும்: உள் தளங்களுக்கு நம்பகமான சான்றிதழ்

எங்கள் ஆபீஸ் கணக்குப் பிரிவில் ஒரு அக்கா இருக்கிறார். இருபது வருட சர்வீஸ். ஒரு ரூபாய் கணக்கு இடித்தாலும் அது எங்கே போனது என்று கண்டுபிடிக்காமல் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார். அவ்வளவு கவனமான மனுஷி. மூன்று வருடம் முன்பு ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போனவர், லாட்ஜ் வைஃபையில் லேப்டாப்பைத் திறந்து ஆபீஸ் மெயிலுக்குப் போயிருக்கிறார். மறுநாள் காலையில் எனக்கு போன்.

"தம்பி, மெயில் பாஸ்வேர்டு மூணு தடவ போட்டேன், உள்ளயே விட மாட்டேங்குது. என்னன்னு பாருங்க."

என்ன நடந்தது என்று கேட்டுக் கேட்டுத்தான் புரிந்தது. எந்தத் தளத்தைத் திறந்தாலும் முதலில் தன்னுடைய லாகின் பக்கத்தைக் காட்டுகிற வகை வைஃபை அது. ஆபீஸ் மெயில் முகவரியை அடித்ததும் பிரவுசர் சிவப்புத் திரையைக் காட்டியிருக்கிறது. அக்கா அதைத் தாண்டி உள்ளே போயிருக்கிறார். யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்டு ஒரு பக்கம் வந்திருக்கிறது. அது லாட்ஜின் பக்கம். அதில் ஆபீஸ் பாஸ்வேர்டை மூன்று முறை போட்டிருக்கிறார்.

"சிவப்பா ஒரு பக்கம் வந்துச்சே, அத பாக்கலையாக்கா?"

"நம்ம ஆபீஸ் சைட்டுன்னா எப்பவும் வர்றதுதானே அது? நீங்கதானே தம்பி, அட்வான்ஸ்டை அமுக்கிட்டு உள்ள போங்கன்னு சொல்லிக் கொடுத்தீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. சொல்லிக் கொடுத்தது நான்தான். லீவு போடும் தளம், சம்பளச் சீட்டுத் தளம், கிட் சர்வர், ஜென்கின்ஸ் என்று எங்கள் உள் தளங்கள் எல்லாமே தனக்குத்தானே கையெழுத்துப் போட்டுக்கொண்ட சான்றிதழில்தான் ஓடிக்கொண்டிருந்தன. புதிதாகச் சேருகிறவர்களுக்குத் தரும் கையேட்டில் அந்தச் சிவப்புத் திரையைப் படம் பிடித்துப் போட்டு, எங்கே அமுக்க வேண்டும் என்று அம்புக்குறி வேறு போட்டிருந்தோம். ஆனால் மெயில் சர்வரில் முறையான சான்றிதழ் இருந்தது. அங்கே சிவப்பு வந்தால் அது நிஜமான எச்சரிக்கை. அந்த வித்தியாசம் அக்காவுக்கு எப்படித் தெரியும்? தினமும் நாலு முறை பொய்யாக அடிக்கிற மணி, ஐந்தாவது முறை நிஜமாக அடித்தால் யார் எழுந்து பார்ப்பார்கள்?

பாஸ்வேர்டை மாற்றினோம், எதுவும் களவு போகவில்லை. ஆனால் உள் தளங்களின் சான்றிதழ்களைச் சரி செய்யாமல் விடக்கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். சரி செய்தேன், முதல் முறை தப்பாக. இந்தக் கட்டுரையின் பாதி அந்தத் தப்பைப் பற்றியது.

சான்றிதழ் என்ன சொல்கிறது?

நம் வயதுக்காரர்களுக்குப் பச்சை மை ஞாபகம் இருக்கும். கல்லூரியில் சேர, வேலைக்கு விண்ணப்பிக்க, மார்க் ஷீட் நகலில் கெஜட்டட் ஆபீசரிடம் அட்டெஸ்டேஷன் வாங்க அலைந்திருப்போம். விண்ணப்பத்தை வாங்குகிறவருக்கு நம்மைத் தெரியாது. ஆனால் அந்த அதிகாரியின் பதவியையும் முத்திரையையும் நம்புகிறார். அதனால் நம்மையும் நம்புகிறார்.

இணையச் சான்றிதழும் அதேதான். "இந்தப் பெயருடைய தளத்தின் பொதுச் சாவி இது" என்று ஒருவர் கையெழுத்துப் போட்டுத் தருகிறார். அந்த ஒருவரை நம் கம்ப்யூட்டர் ஏற்கனவே நம்புகிறது. நம்பத் தகுந்தவர்களின் பட்டியல் விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு, ஃபயர்ஃபாக்ஸ் என்று ஒவ்வொன்றுடனும் சேர்ந்தே வருகிறது. அதை ரூட் ஸ்டோர் என்கிறார்கள். இந்த யோசனைக்கு வயது அதிகம். 1978ல் எம்ஐடியில் லோரன் கோன்ஃபெல்டர் என்ற மாணவர் தன் இளநிலைப் பட்ட ஆய்வேட்டில் இதை எழுதினார். யாருடைய சாவி எது என்று ஒவ்வொரு முறையும் ஒரு பொது டைரக்டரியிடம் போய்க் கேட்பதற்குப் பதிலாக, பெயரையும் சாவியையும் சேர்த்து ஒரு முறை கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் போதும் என்றார். இன்று நாம் பயன்படுத்தும் எக்ஸ்.509 வடிவம் 1988ல் வந்தது.

தனக்குத்தானே கையெழுத்துப் போட்ட சான்றிதழ் என்றால் செல்ஃப் அட்டெஸ்டட் நகல் மாதிரி. "நான்தான் நான்" என்று சொல்கிறது. அதிலும் தகவல் மறைகுறியாக்கப்பட்டுத்தான் போகிறது. பூட்டு நல்ல பூட்டுதான், யார் வீட்டுக் கதவில் தொங்குகிறது என்பதுதான் தெரியாது. "உள் நெட்வொர்க்தானே, என்க்ரிப்ட் ஆகுதில்ல, அது போதும்" என்று நானும் பல வருடம் சொல்லியிருக்கிறேன். நடுவில் ஒருவன் புகுந்து தன் பூட்டை மாட்டினால், அதே சிவப்புத் திரைதான் வரும். நாமும் அதே அட்வான்ஸ்டை அமுக்கிவிட்டு உள்ளே போவோம்.

சரி, காசு கொடுத்து வாங்கிவிடலாமே என்றால், உள் பெயர்களுக்கு இப்போது யாரும் தர மாட்டார்கள். முன்பு "மெயில்" என்ற ஒற்றைச் சொல்லுக்குக்கூடச் சான்றிதழ் விற்றிருக்கிறார்கள். எல்லா ஆபீஸிலும் "மெயில்" என்று ஒரு சர்வர் இருக்கும். ஓர் ஆபீஸுக்காக வாங்கிய சான்றிதழை இன்னோர் ஆபீஸில் போய் மாட்டிவிடலாம். இந்த ஆபத்தினால் பொதுச் சான்றிதழ் நிறுவனங்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்து அந்த வழக்கத்தை நிறுத்தின. மிச்சம் இருந்தவற்றையும் 2016 அக்டோபர் 1க்குள் ரத்து செய்யச் சொன்னார்கள். 10 என்று தொடங்கும் உள் ஐபி முகவரிகளுக்கும் இதே கதிதான்.

நான் செய்த தப்பு

மிச்சம் இருந்தது, நாமே ஒரு கெஜட்டட் ஆபீசரை உருவாக்குவது. ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து ஓபன்எஸ்எஸ்எல் வைத்து ஒரு ரூட் சான்றிதழ் செய்தேன். பத்து வருட ஆயுள். அதன் ரகசியச் சாவிக்குப் பாஸ்வேர்டு வைக்கவில்லை. ஜென்கின்ஸ் தானாகவே புதிய சான்றிதழ்களில் கையெழுத்துப் போட வேண்டும், பாஸ்வேர்டு கேட்டால் நின்றுவிடும் என்று காரணம். சாவி ஜென்கின்ஸ் மெஷினிலேயே ஒரு ஃபோல்டரில் இருந்தது. அந்த ரூட்டை குரூப் பாலிசி வழியாக சுமார் 140 விண்டோஸ் லேப்டாப்களில் நம்பகமான ரூட்களின் பட்டியலில் சேர்த்தேன். திங்கட்கிழமை காலை எல்லா உள் தளங்களும் பூட்டுப் படத்துடன் திறந்தன. கையேட்டிலிருந்து அந்த அம்புக்குறிப் படத்தை எடுத்தேன். மேனேஜர் பாராட்டினார். எனக்கும் சந்தோஷம்.

நாலைந்து மாதம் கழித்து வேறு எதையோ தேடும்போது 2014 ஜூலை விஷயம் ஒன்று கண்ணில் பட்டது. அந்த மாதம் கூகுள் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. இந்தியாவின் என்ஐசி, அதாவது தேசிய தகவலியல் மையம், நடத்திய சான்றிதழ் அமைப்பிலிருந்து கூகுள் டொமைன்களுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளியாகியிருந்தன. என்ஐசியின் அதிகாரம், இந்திய அரசின் சான்றிதழ் கட்டுப்பாட்டாளரின் ரூட்டிலிருந்து வந்தது. அந்த ரூட் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இருந்தது. அதனால் விண்டோஸில் ஓடும் குரோம் உட்பட, அந்தப் பட்டியலை நம்பும் மென்பொருட்கள் அந்தப் பொய்ச் சான்றிதழ்களையும் நம்பியிருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் தனக்கென்று வைத்திருக்கும் பட்டியலில் அந்த ரூட் இல்லை, அது தப்பித்தது. இந்தியக் கட்டுப்பாட்டாளர் என்ஐசியின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தார். குரோம் இன்னொரு படி போனது. இந்த ரூட்டை இனி அரசின் டொமைன்கள் உட்பட ஒரு சின்னப் பட்டியலுக்கு மட்டும்தான் நம்புவேன், மற்றவற்றுக்கு இல்லை என்று வரம்பு போட்டது.

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் அந்த 140 லேப்டாப்களில் நான் போட்ட ரூட்டுக்கு எந்த வரம்பும் இல்லை. "இந்த ஆபீசர் யாருக்கு வேண்டுமானாலும் அட்டெஸ்ட் பண்ணலாம்" என்று சொல்லி வைத்திருந்தேன். அந்தச் சாவி ஒருவன் கையில் சிக்கினால், எங்கள் ஆட்கள் பயன்படுத்தும் எந்த வங்கியின் பெயருக்கும், எந்த மெயில் தளத்தின் பெயருக்கும் சான்றிதழ் போட்டுக்கொள்ளலாம். சிவப்புத் திரையே வராது, பூட்டுப் படம் அழகாகத் தெரியும். சாவியோ பாஸ்வேர்டு இல்லாமல், ஐந்தாறு பேருக்கு அட்மின் உரிமை இருக்கும் ஒரு மெஷினில். ஜென்கின்ஸில் யார் ஒரு ஜாப் எழுதினாலும் அந்தக் கோப்பைப் படித்திருக்க முடியும்.

பழைய நிலையில் ஆபத்து இருந்தது, கூடவே எச்சரிக்கையும் இருந்தது. நான் எச்சரிக்கையை மட்டும் எடுத்துவிட்டு ஆபத்தைப் பெரிதாக்கியிருந்தேன்.

இது என் ஒருவன் தப்பு மட்டும் இல்லை என்று பிறகு தெரிந்தது. 2015 பிப்ரவரியில் லெனோவோவின் சில லேப்டாப்களில் முன்கூட்டியே போட்டு வந்த சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் இதே மாதிரி ஒரு ரூட்டைச் சேர்த்திருந்தது வெளியே வந்தது. எல்லா மெஷினிலும் ஒரே ரூட், ஒரே ரகசியச் சாவி, அதுவும் அந்த மெஷினிலேயே. சாவியைப் பூட்டியிருந்த பாஸ்வேர்டும் சீக்கிரமே வெளியாகிவிட்டது. கெட்ட எண்ணமே இல்லாமல், எங்கள் ஆபீஸுக்குள் அதன் ஒரு சின்ன நகலை நான் செய்து வைத்திருந்தேன்.

இரண்டாவது முறை: முதலில் ரூட் தேவையா என்று கேட்பது

மறுபடி செய்யும்போது முதல் வேலையாக ஒரு எக்ஸெல் ஷீட்டில் எல்லா உள் தளங்களையும் எழுதினேன். பெயர் என்ன, எந்த மெஷின், யார் பார்க்கிறார்கள், தானாகச் சான்றிதழ் புதுப்பிக்க வழி இருக்கிறதா. எழுதி முடித்தபோது தெரிந்தது, முக்கால்வாசித் தளங்களுக்குச் சொந்த ரூட் தேவையே இல்லை.

கம்பெனிக்குச் சொந்தமாக ஒரு டொமைன் இருக்கிறது. அதன் கீழ் "இன்ட்ரா" என்று ஒரு துணைப் பெயர் வைத்து, லீவு தளம், சம்பளத் தளம் எல்லாவற்றையும் அதன் கீழே கொண்டுவந்தோம். சொந்த டொமைன் என்பதால் லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகவே சான்றிதழ் தரும். இங்கே எல்லாருக்கும் வரும் சந்தேகம்: "உள் சர்வரை இன்டர்நெட்டில் திறந்து விடணுமா?" வேண்டாம். டொமைன் உங்களுடையதுதானா என்று சோதிக்க அவர்களிடம் சில வழிகள் இருக்கின்றன. அதில் டிஎன்எஸ் வழியில், அவர்கள் தரும் ஒரு குறியீட்டை டொமைனின் பொது டிஎன்எஸ்ஸில் ஒரு டெக்ஸ்ட் ரெக்கார்டாகப் போட்டுக் காட்டினால் போதும். சர்வரை வெளியிலிருந்து யாரும் தொட வேண்டியதில்லை. உள் ஐபி முகவரியும் பொது டிஎன்எஸ்ஸில் இருக்க வேண்டியதில்லை, ஆபீஸ் டிஎன்எஸ் சர்வர் மட்டும் அதைத் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

இதில் பெரிய லாபம், யாருடைய மெஷினிலும் எதுவும் சேர்க்க வேண்டாம். ஆடிட்டர் வந்து தன் லேப்டாப்பில் திறந்தாலும், ஊழியர் தன் போனில் திறந்தாலும் சரியாக வேலை செய்யும். கவனிக்க வேண்டியவை மூன்று.

ஒன்று, டிஎன்எஸ்ஸை மாற்றும் ஏபிஐ சாவி. அது போனால் மொத்த டொமைனும் போன மாதிரி. அந்தச் சரிபார்ப்பு ரெக்கார்டை மட்டும் சிநேம் வழியாகத் தனி டிஎன்எஸ் ஸோனுக்குத் திருப்பிவிட்டு, அந்த ஸோனுக்கு மட்டும் உரிமை உள்ள சாவியைச் சர்வரில் வைத்தோம்.

இரண்டு, பெயர்கள் வெளியே தெரியும். பொதுச் சான்றிதழ்கள் வெளிப்படைத்தன்மைப் பதிவேடுகளில் ஏறிவிடும், 2018லிருந்து குரோம் இதைக் கட்டாயமாகக் கேட்கிறது. யார் வேண்டுமானாலும் அதில் தேடலாம். இன்னும் அறிவிக்காத புராஜெக்டின் பெயரையோ, வாங்கப் போகும் கம்பெனியின் பெயரையோ சர்வருக்கு வைத்துவிட்டுச் சான்றிதழ் வாங்கினால் ஊருக்கே தமுக்கு அடித்த மாதிரி. அப்படி மறைக்க வேண்டியவற்றுக்கு ஸ்டார் போட்ட வைல்ட்கார்டு சான்றிதழ் வாங்கலாம். அதன் ஒரே சாவி பல மெஷின்களில் இருக்கும் என்பது அதன் குறை.

மூன்று, ஆயுள். லெட்ஸ் என்க்ரிப்டில் 90 நாள் என்பதே வழக்கம். மற்ற பொதுச் சான்றிதழ்களுக்கும் உச்சவரம்பு 398 நாளிலிருந்து குறைந்துகொண்டே போகிறது. 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் 47 என்று முடிவாகியிருக்கிறது. காலண்டரில் குறித்துவைத்துக் கையால் புதுப்பிக்கும் காலம் முடிந்தது. தானாகப் புதுப்பிக்க ஏற்பாடு செய்யாமல் இதில் இறங்க வேண்டாம்.

பெயர் வைப்பதில் இன்னொரு விஷயம். உள் தளங்களுக்கு டாட் லோக்கல் வைக்காதீர்கள், அது ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் சாதனங்கள் ஒன்றையொன்று கண்டுபிடிக்க ஒதுக்கிய பெயர். எங்கள் பையன்கள் சிலர் டாட் டெவ் என்று வைத்திருந்தார்கள். அது கூகுள் கையில் இருக்கும் நிஜமான டொமைன், குரோம் அதை 2017 கடைசியிலிருந்து ஹெச்டிடிபிஎஸ் இல்லாமல் திறக்காது. சொந்த டொமைன் இல்லாமல் முழுக்க உள்ளேயே இருக்க வேண்டும் என்றால், டாட் இன்டர்னல் என்பதை ஐகேன் 2024ல் தனிப்பட்ட பயன்பாட்டுக்கென்றே ஒதுக்கியிருக்கிறது. ஆனால் அதற்குப் பொதுச் சான்றிதழ் கிடைக்காது.

மிச்சம் கால்வாசிக்கு: வரம்பு போட்ட ரூட்

பிரிண்டர், பழைய ஸ்விட்ச், யுபிஎஸ் நிர்வாகப் பக்கம், ஐபி முகவரியிலேயே திறக்கும் சில கருவிகள், டேட்டாபேஸ் இணைப்புகள். இவற்றுக்குச் சொந்த ரூட் வேண்டியிருந்தது. இந்த முறை செய்தது இது.

பழைய ரூட்டை எல்லா மெஷினிலிருந்தும் எடுத்தோம். புது ரூட்டை, நெட்வொர்க்கே போடாத ஒரு பழைய லேப்டாப்பில் செய்தோம். சாவிக்கு நீளமான பாஸ்வேர்டு. சாவியை இரண்டு பென் டிரைவில் போட்டு, உறையில் ஒட்டி, ஒன்று எம்டி அறை லாக்கரில், ஒன்று கணக்குப் பிரிவு பீரோவில். பாஸ்வேர்டை இரண்டு பாதியாக்கி ஆளுக்குப் பாதியாக இரண்டு பேரிடம் கொடுத்தோம். அந்த ரூட் கையெழுத்துப் போட்டது ஒரே ஒரு இடைநிலைச் சான்றிதழில்தான். தினசரி வேலை எல்லாம் அந்த இடைநிலைச் சாவி பார்த்துக்கொள்ளும். அது களவு போனால் ரூட்டை வெளியே எடுத்து, அதை ரத்து செய்து, வேறொன்று போடலாம். 140 மெஷினையும் மறுபடி தொட வேண்டாம். இடைநிலைக்குக் கீழே இன்னொரு இடைநிலை உருவாக்க முடியாதபடி நீள வரம்பும் வைத்தோம்.

இதைவிட முக்கியம், குரோம் அன்றைக்கு இந்திய ரூட்டுக்குப் போட்ட அதே மாதிரி வரம்பு. சான்றிதழுக்குள்ளேயே அதை எழுத முடியும், நேம் கன்ஸ்ட்ரெய்ன்ட்ஸ் என்று பெயர். ஆர்எஃப்சி 5280ல் இருக்கிறது. "எங்கள் டொமைனின் கீழ் உள்ள பெயர்களுக்கு மட்டும்" என்று போட்டோம். இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. டிஎன்எஸ் பெயருக்கு மட்டும் வரம்பு போட்டால் ஐபி முகவரிகளுக்கு அது செல்லாது, எந்த ஐபிக்கும் சான்றிதழ் போடலாம். அதனால் எங்கள் உள் ஐபி வரிசை மட்டும்தான் என்று தனியாகவும் எழுத வேண்டும். இன்னொன்று, ரூட்டில் எழுதிய வரம்பைச் சில பழைய மென்பொருட்கள் கண்டுகொள்ளாது. ஆகவே ரூட், இடைநிலை இரண்டிலுமே எழுதினோம்.

சர்வர் சான்றிதழில் பெயரை "மாற்றுப் பெயர்கள்" என்ற சான் பகுதியில் போட வேண்டும். பழைய வழிகாட்டிகளில் காமன் நேமில் போட்டால் போதும் என்றிருக்கும். 2017ல் வந்த குரோம் 58லிருந்து அது செல்லாது. ஐபியில் திறப்பதாக இருந்தால் ஐபியையும் சானில் ஐபி வகையாகவே எழுத வேண்டும். ஆயுளைப் பத்து வருடம் போடாதீர்கள். சொந்த ரூட்டாக இருந்தாலும் 825 நாளுக்கு மேல் போனால் ஆப்பிள் சாதனங்கள் ஏற்காது. நாங்கள் பிரிண்டர் மாதிரியானவற்றுக்கு ஒரு வருடம், தானாகப் புதுப்பிப்பவற்றுக்கு 90 நாள் வைத்தோம். லெட்ஸ் என்க்ரிப்ட் போலவே உள்ளேயும் தானாகச் சான்றிதழ் தர ஸ்டெப்-சிஏ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. முழுக்க விண்டோஸ் என்றால் மைக்ரோசாஃப்டின் சான்றிதழ் சர்வீஸே போதும்.

எம்கேசர்ட் என்றொரு கருவியும் பிரபலம், ஒரே கட்டளையில் வேலை முடியும். அது புரோகிராமர் தன் சொந்த மெஷினில் சோதிப்பதற்கு மட்டும். அதன் ரூட் சாவியை யாருடனும் பகிரக்கூடாது என்று அதைச் செய்தவரே எழுதியிருக்கிறார்.

எல்லாரிடமும் ரூட்டைக் கொண்டு சேர்ப்பது

"குரோமில் வருது, ஆனா ஸ்கிரிப்டில் வரல" என்ற புகாரில்தான் பாதி நேரம் போகும். ஒவ்வொரு மென்பொருளும் தன் பட்டியலைத் தனியாக வைத்திருப்பதுதான் காரணம்.

விண்டோஸுக்கு குரூப் பாலிசி. மேக்கிற்கும் ஐபோனுக்கும் எம்டிஎம். ஐபோனில் கையால் சேர்த்தால், சேர்த்த பிறகு செட்டிங்ஸில் அபவுட் பகுதிக்குள் போய் முழு நம்பிக்கையைத் தனியாக ஆன் செய்ய வேண்டும். இதை மறந்துவிட்டு நான் அரை நாள் முழித்திருக்கிறேன். ஆண்ட்ராய்டில் 7ம் பதிப்பிலிருந்து, பயனர் சேர்த்த ரூட்டை ஆப்கள் தாமாக நம்பாது, ஆப் எழுதுகிறவர் அனுமதிக்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் முன்பு ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பட்டியலைப் பார்க்காது, இப்போதைய பதிப்புகள் விண்டோஸிலும் மேக்கிலும் நாம் சேர்த்ததைத் தாமாகவே எடுத்துக்கொள்கின்றன. உபுண்டுவில் சான்றிதழ் கோப்பின் கடைசி எழுத்துகள் சிஆர்டி என்று இருந்தால்தான் எடுத்துக்கொள்ளும், பெம் என்று இருந்தால் சத்தமில்லாமல் விட்டுவிடும். ஜாவாவுக்கு சிஏசர்ட்ஸ் என்று தனிக் கோப்பு. பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் தனியாக ஒரு பட்டியலைத் தூக்கிக்கொண்டு வரும். நோடுக்குத் தனி என்விரான்மென்ட் வேரியபிள். டாக்கர் கண்டெய்னர் ஒவ்வொன்றும் ஒரு தனிக் கம்ப்யூட்டர் என்று நினைத்துக்கொள்ளுங்கள், அடிப்படை இமேஜிலேயே ரூட்டைச் சேர்த்துவிடுவது நல்லது.

சர்வர் பக்கம் அடிக்கடி நடக்கும் தப்பு, சர்வர் தன் சான்றிதழை மட்டும் அனுப்பி இடைநிலையை அனுப்பாமல் விடுவது. சில பிரவுசர்கள் இடைநிலையை எங்கிருந்தாவது தேடி எடுத்துச் சமாளித்துவிடும், கர்ல் சமாளிக்காது. பிரவுசரில் வருகிறது, கட்டளை வரியில் வரவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள். அப்படியும் புரியவில்லை என்றால் அந்த மெஷினின் தேதியைப் பாருங்கள். பேட்டரி செத்த ஒரு பழைய கம்ப்யூட்டர் 2009ல் வாழ்ந்துகொண்டிருந்தது. அதன் கணக்கில் எங்கள் சான்றிதழ்கள் எதுவும் இன்னும் பிறக்கவே இல்லை.

முடிந்த பிறகு செய்ய வேண்டிய மூன்று

முதலாவது, பழைய குறுக்கு வழிகளைத் தேடி எடுப்பது. கர்லில் மைனஸ் கே, பைத்தானில் வெரிஃபை ஃபால்ஸ், கிட்டில் எஸ்எஸ்எல் வெரிஃபை ஆஃப். கோடு முழுக்கத் தேடினேன், எண்ணி முடிக்கவே ஒரு மதியம் போனது. அதில் இரண்டு, வெளியே இருக்கும் நிஜமான பேமென்ட் சேவைக்குப் போகும் கோடு. உள் தளத்துக்காக எழுதியதை யாரோ காப்பி அடித்து ஒட்டியிருக்கிறார்கள். மனிதர்களுக்குப் பழக்கம் பிடித்தது போலவே கோடுக்கும் பிடித்திருக்கிறது.

இரண்டாவது, ஹெச்எஸ்டிஎஸ். "இந்தத் தளத்துக்கு ஹெச்டிடிபிஎஸ் மட்டும்தான், சான்றிதழ் சரியில்லை என்றால் தாண்டிப் போக விடாதே" என்று சர்வர் பிரவுசரிடம் சொல்லி வைப்பது. இது மெயில் சர்வரில் இருந்திருந்தால், அன்று லாட்ஜில் அக்காவுக்கு அமுக்க அந்தப் பொத்தானே இருந்திருக்காது. முதலில் சில நிமிடக் கெடுவில் போட்டுப் பார்த்துவிட்டு மெதுவாக நீட்டுங்கள். எல்லாத் துணை டொமைன்களுக்கும் என்று அவசரப்பட்டுப் போட்டால், இன்னும் ஹெச்டிடிபியில் இருக்கும் உள் தளங்கள் எல்லாம் ஒரே நாளில் படுத்துவிடும். இதைத் தாண்டவும் புரோகிராமர்களுக்கு ஒரு வழி தெரியும். குரோமில் அந்தச் சிவப்புத் திரை மேல் "திஸ் இஸ் அன்சேஃப்" என்று இடைவெளி இல்லாமல் அடித்தால் உள்ளே விட்டுவிடும். அடிக்கிறவர்கள் அந்தச் சொற்களின் அர்த்தத்தை ஒரு முறை படித்துவிட்டு அடிக்கலாம்.

மூன்றாவது, தோற்க வேண்டியது தோற்கிறதா என்று பார்ப்பது. எல்லாரும் தளம் திறக்கிறதா என்றுதான் சோதிப்போம். நாங்கள் வேண்டுமென்றே எங்கள் இடைநிலைச் சாவியை வைத்து எங்களுக்குச் சம்பந்தமில்லாத ஒரு பெயருக்குச் சான்றிதழ் போட்டோம். சோதனைக்கென்றே இருக்கும் எக்ஸாம்பிள் டாட் காம். அதை ஒரு சோதனை சர்வரில் மாட்டி, புது ரூட் சேர்த்த லேப்டாப்பில் திறந்தோம். பளிச்சென்று சிவப்பு. குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ், கர்ல் நாலிலும் மறுத்தது. ஒரு எர்ரரைப் பார்த்து இரண்டு பேர் கைதட்டியது என் சர்வீஸில் அன்றைக்குத்தான்.

போன தீபாவளிக்கு முந்தின வாரம் பிரிண்டரின் சான்றிதழைப் புதுப்பிக்க மறந்துவிட்டோம். ஸ்கேன் பக்கத்தில் சிவப்புத் திரை. காலை ஒன்பதரைக்கு அக்கா என் சீட்டுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, சிவப்பா வந்திருக்கு. நான் எதையும் தொடல. வந்து பாருங்க."

மறந்தது என் தப்பு, மன்னிப்புக் கேட்டேன். பத்து நிமிஷத்தில் சரி செய்தேன். கெடு முடிய முப்பது நாள் முன்பே மெயில் அனுப்பும் ஒரு ஸ்கிரிப்டை அன்றைக்கே போட்டேன். அதுவரை அவர் வவுச்சர்களை ஸ்கேன் செய்யாமல் காத்திருந்தார்.